சிரிக்கும் நோயாளி

கேள்வி: என் ஆக்சலாட்டல் (நீரில் வாழும் சாலமாண்டர் வகை) எப்போதும் சிரித்த முகமாகவே இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: அது சிரிப்பே இல்லை சார், வாயின் அமைப்பு அப்படி. சாகக் கிடந்தாலும் கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பவர் மாதிரிதான் நிற்கும். முகத்தை விடுங்கள், செவுளைப் பாருங்கள். விசிறிபோல் விரிந்திருக்கும் அந்த இறகுகள் முன்பக்கமாக வளைந்தாலோ, வால் நுனி கொக்கியாகச் சுருண்டாலோ ஏதோ கோளாறு. பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. மண்புழுவை நீட்டியும் சீண்டவில்லையா? மருந்துக்கு ஓடாதீர்கள், முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்புறம் தெர்மாமீட்டர். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிக் குளிர்ச்சிக்குப் பிறந்த பிராணி அது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சுகம், 24-ஐத் தாண்டினால் அவஸ்தை.