கோஷியென் மைதானத்தை முன்வைத்துப் பேஸ்பால் திணைக் கோட்பாடு

பேஸ்பால் இறுதித்தொடர் காண்டலாவது, பிறநாட்டில் பிழைக்கப் போன ஒருவன், தனக்குத் தெரியாத பாட்டுக்கு மூன்றரை மணி நேரம் வாயசைத்தல். இவ்விலக்கணம் கோயில் திருவிழாவுக்கும் பொருந்துமே எனின், அதற்கு விடை பின்னர்க் கூறப்படும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் ஜப்பான். தொடர் 2023ஆம் ஆண்டின் ஜப்பான் சீரிஸ். ஆட்டம் அதன் நான்காவது, நவம்பர் 1 இரவு நடந்தது. மோதியவை ஹான்ஷின் டைகர்ஸ், ஓரிக்ஸ் பஃபலோஸ். இரண்டும் கன்சாய் வட்டாரத்து அணிகள். ஒன்றன் மைதானத்திலிருந்து மற்றதற்கு ஹான்ஷின் நம்பா தடம் வழியாக ஒரே ரயிலில் போய்விடலாம். ஏழில் நான்கை வெல்பவர் சாம்பியன். மூன்று ஆட்டங்கள் முடிந்த நிலையில் ஓரிக்ஸ் 2–1 என முந்தியிருந்தது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கோஷியென் மைதானம் ஹியோகோ மாநிலம் நிஷினோமியா நகரில் இருக்கிறது. திறந்தது 1924 ஆகஸ்ட் 1. கொள்ளளவு ஏறத்தாழ 47,000. வடக்கே ரொக்கோ மலைத்தொடர் இருப்பதால் நிலம் குறிஞ்சி என்பர் ஒரு சாரார். தெற்கே ஓசாகா விரிகுடா இருப்பதால் நெய்தல் என்பர் மறுசாரார். வெளிக்களம் புல்லாதலின் முல்லை என்றும், உட்களம் புல்லே இல்லாத கருமண்ணாதலின் பாலை என்றும் சொல்லி இருவர் பட்டம் பெற்றனர். எஞ்சிய மருதத்துக்கு நெறியாளர் ஒருவர் மாணவர் தேடிவருகிறார். தமிழ்த் துறைகளில் திணை பொருத்தப்படாத பொருள் இன்று நாட்டில் ஏதுமில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்க. பொழுதோ ஐப்பசிக் கூதிர், யாமம். இரண்டும் குறிஞ்சிக்கே உரியவை. இதில் ஐயமில்லை, ஆகவே ஆய்வும் இல்லை.

இனிக் கருப்பொருள். விலங்கு: புலி. பறவை: இல்லை (தகைவிலான் பெயர் தாங்கிய யாகுல்ட் ஸ்வாலோஸ் அணி வேறு திணை).

உணவு, மைதானம் திறந்த நாள்தொட்டு விற்கப்படும் கோஷியென் கறி. கெட்டியாக, லேசான இனிப்போடு சோற்றின் பாதியை மட்டும் மூடி நிற்கும் இது குழம்பா, கூட்டா என்ற வினாவுக்குத் தென்னிந்தியர் தரப்பிலிருந்து இன்னும் ஒருமித்த விடை வரவில்லை.

நீர் என்பது பீர். முதுகில் பீப்பாயைச் சுமந்து, கண்ணைப் பறிக்கும் நிறச் சீருடையில் படியேறி இறங்கும் பெண்கள் அதை விற்பர். கையை உயர்த்தினால் போதும். ஓடி வந்து படியில் மண்டியிட்டு, குழாயைத் திறந்து, நுரை விளிம்பில் நிற்க, வழியாமல் நிரப்புவர். வரிசை நடுவில் இருப்பவனுக்குக் கோப்பை ஐந்தாறு அந்நியர் கைமாறி வரும். அவன் கொடுத்த காசு அதே வழியே போய், சில்லறை அதே வழியே திரும்பியதும் உண்டு. நல்ல அடி விழுந்ததென்று இரு கைகளையும் உயர்த்திய அயல்வாசிக்கு இரண்டு பீர் வந்து சேர்வது இத்துறையில் நன்கு அறியப்பட்ட இடர்.

பறை என்பது ரசிகர் படையின் மத்தளமும் எக்காளமும். முன்னணி ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. அணி மட்டை பிடிக்கும்போது மட்டுமே அதன் ரசிகர் பாடுவர். எதிரணி பிடிக்கும்போது அமர்ந்து கறி உண்பர். இந்த ஒழுங்கு குலையாது. எதிராளி மட்டையெடுத்து நிற்கையில் தனியாகக் கத்துபவன் குடிகாரன் அல்லது வெளிநாட்டான்.

தெய்வம் பற்றித்தான் நூல்கள் பெருகிக் கிடக்கின்றன. 1985 அக்டோபர் 16 அன்று டைகர்ஸ் தன் லீக்கான சென்ட்ரல் லீக்கை வென்றது. அன்றிரவு ஓசாகாவின் தோதொன்போரி ஆற்றங்கரையில் ரசிகர் கூடி ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயராகக் கூவ, அவரவர் சாயலுள்ள ரசிகர் ஆற்றில் குதித்தனர். தாடிவைத்த அமெரிக்கரான ராண்டி பாஸின் முறை வந்தபோது அச்சாயலில் எவரும் இல்லை. பக்கத்துக் கேஎஃப்சி கடை வாசலில் தாடியோடு நின்றிருந்தார் கர்னல் சாண்டர்ஸ். சிலையை ஆற்றில் போட்டனர். அதன்பின் 2003, 2005, 2014 என மூன்று முறை ஜப்பான் சீரிஸுக்கு வந்தும் அணி தோற்றது. 2005இல் நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து 33க்கு 4. இது கர்னலின் சாபம் எனப்பட்டது.

இங்கே ஒரு முரண் உண்டு. சிலை விழுந்தது அக்டோபரில். அதே டைகர்ஸ் நவம்பர் 2இல் செய்பு லயன்ஸை வென்று ஜப்பான் சாம்பியனும் ஆனது. சாபம் பெற்ற அணி எப்படி வென்றது? சாபம் ஆங்கில நிதியாண்டைப் பின்பற்றியது என்பது பழைய உரை. சிலை ஆற்றின் அடியைத் தொட்ட பின்னரே சாபம் செல்லும், அதற்குப் பதினேழு நாளாயிற்று என்பது புத்துரை. புத்துரையை மறுத்தவர் ஆற்றின் ஆழத்தைக் காட்டினார். மறுப்பை மறுத்தவர் சேற்றின் ஆழத்தைக் காட்டினார். அவரது கட்டுரையில் நாற்பத்தொரு மேற்கோள்கள். அவற்றுள் முப்பத்தெட்டு அவருடையவை, இரண்டு அவருடைய மாணவருடையவை, எஞ்சிய ஒன்று அச்சகத்தார் கவனக்குறைவால் நுழைந்தது.

2009 மார்ச்சில் ஆற்றோரப் பணியின்போது சிலை அகப்பட்டது. நீருள் இறங்கியவர்கள் முதலில் பீப்பாய் என்றும், பிறகு பிணம் என்றும் எண்ணினர். இடக்கையும் மூக்குக்கண்ணாடியும் கிடைக்கவில்லை. சிலை வந்த பிறகும் 2014இல் அணி தோற்றதால், எஞ்சிய சாபம் எங்கே தங்கியிருக்கிறது என்ற வினா எழுந்தது. கைக் கொள்கையினர், கண்ணாடிக் கொள்கையினர் எனத் துறை பிளந்தது. கண்ணாடிக் கொள்கையினர் மேலும் சட்டகவாதிகள், வில்லைவாதிகள் எனப் பிரிந்தனர். வில்லைவாதிகளுள் வலவில்லையார் நடத்திய கருத்தரங்குக்கு இடவில்லையார் அழைக்கப்படவில்லை. அதைக் கண்டித்து அவர்கள் நடத்திய கருத்தரங்கின் மலரில், பதிவுக் கட்டணம் செலுத்திய அனைவரின் கட்டுரையும் இடம்பெற்றது. சிலையை ஏன் ஆற்றில் போட்டார்கள் என்று எந்த மலரிலும் எவரும் கேட்கவில்லை. அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்ற விடைக்கு அடிக்குறிப்பு இட முடியாது.

உரிப்பொருள் சுருக்கமாகச் சொல்லத்தக்கது: 1985 முதல் 2023 வரை இருத்தல்.

பார்வையாளர் வகையுள் கிரிக்கெட் நாட்டினர் மட்டும் தனிக்கவனத்துக்கு உரியர். மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்னால் பறக்கும் பந்து அவர்க்கு நான்கு ஓட்டம். ஆகவே எழுந்து கைதட்டுவர். இங்கே அது ஃபௌல். ரசிகர் மாடத்தை நோக்கிப் பந்து வருகிறதென்று பணியாளர் ஊதும் விசிலைப் பாராட்டு என்று கொண்டு மேலும் தட்டுவர். பக்கத்து இருக்கைப் பெரியவர் சிரித்துத் தலைகுனிவார். அது ஆமோதிப்பு அன்று.

ஆட்டத்துக்கு வருவோம். எட்டாம் இன்னிங்ஸில் 3–3. இருவர் அவுட், முதல், மூன்றாம் தளங்களில் ஓரிக்ஸ் ஆட்கள். காயம், மோசமான ஃபார்ம் என ஜூனுக்குப் பின் முதலணியில் பந்தே வீசாத யுவாசா அத்சுகியை அழைத்தார் டைகர்ஸ் மேலாளர் ஒகாடா அகிநோபு. பெயர் அறிவிக்கப்பட்டதும் எழுந்த இரைச்சலில் எக்காளமே கேட்கவில்லை. யுவாசா வீசியது ஒரே பந்து. அது உயரே எழும்பிக் கையில் விழுந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸின் பின்பாதியில் ஓரிக்ஸ் பிட்சர் இரண்டு பந்துகளைத் தாறுமாறாக வீச, முதல் தளத்தில் நின்ற டைகர்ஸ் வீரர் சிகாமோட்டோ மூன்றாம் தளம் சேர்ந்தார். அடுத்த இருவரையும் ஓரிக்ஸ் வேண்டுமென்றே தளத்துக்கு அனுப்பியது. இதற்குப் பந்து வீசவே வேண்டாம், சைகை போதும். தளங்கள் நிரம்பின. ஓயாமா யூஸ்கே இடப்புறம் அடித்தார். 4–3, ஆட்டம் முடிந்தது. நான்கு நாள் கழித்து, நவம்பர் 5இல், ஏழாவது ஆட்டத்தை 7–1 என வென்று டைகர்ஸ் சாம்பியனானது. வில்லை இன்னும் கிடைக்கவில்லை.

ஓயாமாவின் அடியைப் பற்றி எழுதிய ஆய்வாளர் எவரும் அதைக் கண்டிலர்: சிலர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தனர், ஏனையோருக்கு முன்வரிசைக்காரர் எழுந்து மறைத்தார். இத்தொடருக்கான சீட்டுகள் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். ஆய்வாளருக்கெனத் தனி ஒதுக்கீடு இல்லை.