தோடிக்கு வாரிசு சான்றிதழ்

பட்டுக்கோட்டைப் பக்கம் பாட்டன் பேரனுக்கு விட்டுப்போகும் சொத்து மூன்று: பங்காளி வழக்கில் கிடக்கும் நிலம், பங்காளியோடு பேசாமல் இருக்க ஒரு காரணம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தில் வாசித்த தோடி ராகம். முதல் இரண்டுக்காக வக்கீல் வீட்டுக்கு நடக்க வேண்டும். மூன்றாவது நடக்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைவாள் 1898இல் திருமருகலில் பிறந்தவர். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார், ஷெர்வானி மாட்டினார். நாயனக்காரருக்கு எதற்கு இந்த டாம்பீகம் என்று முணுமுணுத்த மிராசுதார்களும் தோடி தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார்கள். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது டெல்லியில் போய் ஊதிவிட்டு வந்தவர். கச்சேரிக்கு நேரத்தோடு வரமாட்டார் என்ற பெயரும் உண்டு. ரசிகர்களுக்கு அதிலும் பெருமைதான். அவர் வாசித்த கச்சேரியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். வராத கச்சேரியைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள்.

பிள்ளைவாள் காலம் வரை புழங்கிய திமிரி குட்டை நாயனம், சுருதியோ உச்சி. ஊதுகிறவரின் உயிரை வாங்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து, நீளமான பாரி நாயனத்தில் சுத்த மத்திமம் பிசிறில்லாமல் பேசும்படி பிள்ளைவாளுக்குச் செய்து கொடுத்தார். திமிரியின் காரம் இதில் ஏது என்று அன்றைக்கே ஒரு பெரிசு சொல்லியிருக்கும். சொல்லாமல் விட்டிருந்தால் அது டெல்டாப் பெரிசே இல்லை. அந்த ஊர் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கமும் பிள்ளைவாள் மாதிரிதான், நிதானமாக வந்து சேரும்.

இந்த நாயனக் கதையில் பட்டுக்கோட்டையின் பங்கு ஒரு துண்டு. கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். நாயனக்காரர் மதுரை சிவக்கொழுந்து வேர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டபடி வாசித்துக்கொண்டு வந்தார். பெரிய மனிதர்கள் முன்னால் தோளில் துண்டா என்று பிரமுகர்கள் குதித்தார்கள். கூட இருந்த பட்டுக்கோட்டை அழகிரி, துண்டை எடுக்காமல் வாசிக்கச் சொன்னார். சுயமரியாதை இயக்கத்தின் இடிமுழக்கப் பேச்சாளர் அவர். சாமிக்கும் அவருக்கும் ஆகாது. சாமி புறப்பாட்டுக்கு ஊதுகிறவரின் துண்டு தோளிலேயே கிடந்தது அவரால்தான். நம்மூர்த் தாத்தாக்களில் பாதிப் பேர் திருநீறு, பாதிப் பேர் கறுப்புச்சட்டை. துண்டு விஷயத்தில் மட்டும் கூட்டணி உடையவில்லை.

1956இல் பிள்ளைவாள் போய்ச் சேர்ந்தார். அடுத்த தலைமுறைக்கு அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் கிடைத்தார், திருநெல்வேலிச் சீமைக்காரர். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் மல்லுக்கு நிற்க, அப்பாக்கள் உருகிப் போனார்கள். தாத்தாக்கள், “நல்லாத்தான் இருக்கு, ஆனா பிள்ளைவாள்...” என்று இழுத்தார்கள். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது. கன்னத்தை உப்ப வைத்தவர் சிவாஜி. நிஜத்தில் மூச்சைக் கொடுத்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். விடலைகள் விசிலடித்தார்கள். இப்போது அப்பாக்களின் முறை: “நல்லாத்தான் இருக்கு, ஆனா காருகுறிச்சி...”

ராக ஞானம் எல்லா வீட்டிலும் தங்கியதில்லை. இந்த ‘ஆனா’ தங்கிவிட்டது.

போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பாதிக் கூட்டம் பந்திக்கு ஓடிவிட்டது. நாயனக்காரர் வாயில் ஊறிய சீவாளியை எடுத்துச் செருகி, நூலில் தொங்கிய மாற்றுச் சீவாளிகளை ஒதுக்கிவிட்டு, தோடியைத் தொட்டார். தவுல்காரர் கூடு போட்ட விரல்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காதில் இயர்போன் செருகியிருந்த காலேஜ் பையன் ஒருவன் அதைக் கழற்றினான். யூடியூபில் பிள்ளைவாளின் பழைய இசைத்தட்டைக் கேட்டுக் கெட்டுப்போனவன் போல. அரை நிமிஷம் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெரியவரிடம் சாய்ந்தான்.

“நல்லாத்தான் இருக்கு தாத்தா, ஆனா ராஜரத்தினம் பிள்ளை...”

பெரியவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “யாரு வீட்டுப் புள்ளைப்பா நீ?”

நாயனக்காரர் ஓரக்கண்ணால் இருவரையும் பார்த்தார். கோபம் தெரியவில்லை. இந்தப் பையன் அறுபது வயதில் இதே மண்டபத்தில் உட்கார்ந்து, இவர் பெயரைச் சொல்லி எவனையோ மட்டம் தட்டத்தான் போகிறான். தோடியை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.