ஜன்னல் ஜன்னி: ஒரு நோய் நாடல்

சித்த மருத்துவம் எண்ணி வைத்த நோய்கள் 4448. பைத்தானில் டிகே கொண்டு விண்டோ எழுதுகிறவர் படும் பாடு அந்தக் கணக்கில் வரவில்லை. 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு இக்குறையைக் கண்டும் காணாமல் இருப்பது முறையல்ல.

முதலில் வாதம். பட்டனை அமுக்கியதும் விண்டோ விறைத்து, 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நெற்றியில் எழுதிக்கொள்ளும். பட்டனுக்குரிய ஃபங்ஷனுக்குள் 'ஸ்லீப்' போட்டிருப்பார்கள். மெயின்லூப் என்பவர் கல்லாவிலும் உட்கார்ந்து சரக்கும் கட்டும் ஒற்றையாள் பலசரக்குக் கடைக்காரர். அவரைத் தூங்க வைத்துவிட்டு, 'என்ன அண்ணாச்சி, பேச மாட்டேங்கியளே' என்றால் எப்படி? 'ஆஃப்டர்' கொடுங்கள், சொன்ன மில்லிசெகண்ட் கழிந்ததும் வேலையைத் தொடங்குவார், நடுவில் கடையும் நடக்கும்.

பித்தத்தில், பட்டனை யாரும் தொடுமுன்பே ஜன்னி கண்டதுபோல் வேலை நடந்துவிடும். 'கமாண்ட்' பக்கத்தில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அடைப்புக்குறி ஜோடியைக் கிள்ளியெறிந்தால் தணியும். கபம் பற்றி அதிகமில்லை: உருப்படிகளை அடுக்கும் 'பேக்'கையும் 'கிரிட்'டையும் ஒரே ஃப்ரேமுக்குள் விட்டால் நெஞ்சடைக்கும்.

தமிழில் எழுதினால் வரும் நான்காவது நோய் கொம்பு பிசகல். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் பதிவாகிறது. திரையில் வரும்போது முன்னால் தாண்ட வேண்டும். லினக்ஸில் டிகே 8.6 அதைத் தாண்ட விடுவதில்லை, வந்த வரிசையிலேயே நிறுத்திவிடுகிறது. நோயறிய ஊர்ப்பெயரே போதும். திருநெல்வேலி என்று எழுதினால் பிசகும் இடம் இரண்டு: நெ, வே. பாளையங்கோட்டையில் மூன்று: ளை, கோ, டை. 1843-இல் சுலோச்சன முதலியார் கைக்காசு போட்டுக் கட்டிய பாலத்துக்கு அக்கரையில், திருநெல்வேலியில் இருப்பவர்கள் அல்வாவைக் காட்டி என்ன பெருமை பேசினாலும், இக்கரைக்கு ஒரு கொம்பு அதிகம்.

மருந்து, டிகேயை விட்டுக் கியூட்டிக்கு மாறுவது. கொம்பை உரிய இடத்தில் வைக்கும் ஹார்ஃப்பஸ் அதற்குள் உண்டு. மாற மனமில்லாதவர்கள் எழுத்தை அடுக்கும் ராக்ம் துணையோடு, பைத்தானின் பட நூலகமான பில்லோவில் ஊர்ப்பெயரைப் படமாக எழுதி, லேபிளில் ஒட்டலாம். இங்கே மருந்தே நோய் தரும். ஃபங்ஷன் முடிந்ததும், பெயர் சொல்லிப் பிடித்துக்கொள்ள ஆளில்லாத படத்தைப் பைத்தான் குப்பையென்று கூட்டித் தள்ளிவிடும். லேபிளிலேயே ஒரு பெயரில் கட்டி வைக்க வேண்டும்.

நான் கட்ட மறந்த அன்றைக்குத்தானா அக்கரை நண்பர் வர வேண்டும்? வெறும் சாம்பல் நிறத்தில் கிடந்த லேபிளைக் குனிந்து பார்த்தார்.

"என்ன வே, ஊரையே காணும்?"