கரைவலையில் வரும் அரவம்

கேள்வி: கரைவலையில் மீனோடு பாம்பும் வருகிறதே, விஷமுள்ளதை எப்படி அறிவது?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: வாலைப் பாருங்கள், துடுப்பைப்போலத் தட்டையாயிருந்தால் அது கடற்பாம்பு. கடித்த இடத்தில் பெரும்பாலும் நோவு தோன்றாது எனினும் அதன் விஷம் கொடியதாதலாலும், நாகம், கண்ணாடிப் புடையன் உள்ளிட்ட நான்கு தரைப்பாம்புகளுக்கென இந்தியாவிலிருந்து வரும் மாற்றுமருந்து அதற்குப் பயன்படாதாதலாலும், கையால் தொடாது நீண்ட பொல்லால் எடுத்துக் கடலில் விடுவதே விவேகம். கடித்துவிட்டாலோ, க்ஷணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு விரைக.

உருண்ட வாலெல்லாம் அபயமென்று எண்ணற்க. நாகத்தின் வாலும் உருண்டதே. ஆயினும், புதூர் நாகதம்பிரானுக்குப் பக்தியோடு பொங்கலிடும் நாம், எலியைத் தின்று நம் நெல்லைக் காக்கும் விஷமற்ற சாரையைக் கண்டவுடன் பொல்லைத் தேடுவது எந்தத் தர்மம்?