டூல்பாருக்கு டிரான்ஸ்ஃபர்

ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் வேலை பார்த்தவர்களைக் கெடுத்து வைத்திருப்பது ஒரு பட்டை. பிரவுசரில் பக்கம் திறந்ததும் வலது ஓரத்தில் தொங்கும் டீபக் டூல்பார். ஒரு பட்டியலைக் காட்ட டேட்டாபேஸை எத்தனை முறை தட்டினோம், ஒரே க்வெரியை எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டோம் என்று போட்டுடைத்து மானத்தை வாங்கிவிடும்.

எங்கள் புது புராஜெக்ட் ஃப்ளாஸ்க் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில். 2010 ஏப்ரல் 1 அன்று ஆர்மின் ரோனாகர் வேடிக்கைக்காக ஒரு போலி ஃபிரேம்வொர்க்கை வெளியிட, ஜனம் அதை நிஜமென்று நம்பியதால் பிறந்தது ஃப்ளாஸ்க். இதற்கும் ஒரு டூல்பார் உண்டு, ஜாங்கோவினுடையதைப் பார்த்து எழுதியது. அதைப் பார்த்து பிரமிட் என்ற வேறொரு ஃபிரேம்வொர்க்கின் ஆட்கள் ஒன்று எழுதி, அப்பட்டமான காப்பி என்று தங்கள் குறிப்பிலேயே போட்டும் கொண்டார்கள். காப்பியடித்துவிட்டுக் கீழே கையெழுத்தும் போடும் அந்தத் தைரியம் எனக்குப் பிடித்தது.

ஜாங்கோ டூல்பாருக்கென்று எங்கள் டீம் சொந்தமாக ஒரு பேனல் எழுதி வைத்திருந்தது. அதை இங்கே கொண்டுவருவது என் தலையில் விழுந்தது. ஜாங்கோ கூட்டுக்குடும்பம். டேட்டாபேஸ், டெம்ப்ளேட், லாகின் எல்லாம் ஒரே கூரைக்கடியில். எங்கே எட்டிப் பார்ப்பது என்று டூல்பார் யோசிக்கவே வேண்டாம். ஃப்ளாஸ்க் பேச்சுலர் ரூம். டேட்டாபேஸா? நீங்கள் எதை வாங்கிப் போட்டீர்களோ அது. எஸ்க்யூஎல்அல்கெமி என்ற டேட்டாபேஸ் லைப்ரரியைப் போட்டிருந்தாலும், ஓடும் க்வெரிகளைக் குறித்து வை என்று செட்டிங்கில் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேனல் கைவிரித்துவிடும்.

ஒருவழியாக ஓட வைத்த அன்று மாலை டெஸ்டர் பெண் வந்து நின்றார்.

"சார், லாகின் உடைஞ்சு போச்சு. பாஸ்வேர்ட் போட்டா உள்ள போகாம ஒரு லிங்க்கைக் காட்டுது."

உடையவில்லை. ஃப்ளாஸ்க் டூல்பார் ரீடைரெக்டை நடுவழியில் மறித்து, இந்த முகவரிக்குத்தான் போகிறாய், போகலாமா என்று கேட்கும். யாரும் கேட்டுக்கொள்ளாமலே. நல்ல எண்ணம்தான், மறிக்காவிட்டால் ஃபார்மைச் சேமித்தபோது ஓடிய க்வெரிகள் கண்ணில் படாமல் போய்விடும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் 'கிரிட்டிக்கல்' என்று பக் போட்டுவிட்டார். செட்டிங்கில் ஒரு வரியை ஃபால்ஸ் ஆக்கி அந்த பக்கை மூடினேன்.

டூல்பார் வேலை செய்யும் விதம் எளிது. எச்டிஎம்எல் பக்கத்தில் பாடி டேக் மூடும் இடத்துக்குச் சற்று முன்னால் தன்னைச் செருகிக்கொள்ளும். அடுத்த மீட்டிங்கில் ஆர்க்கிடெக்ட் அறிவித்தார்: முகப்பு முழுக்க ரியாக்ட், சர்வர் எச்டிஎம்எல் பக்கம் அனுப்பாது, வெறும் ஜேசன் டேட்டாதான் அனுப்பும்.

ஜேசனில் பாடி டேக்குக்கு எங்கே போவது?

"சூப்பர்" என்ற மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அப்போ உங்க டூல்பாரை அப்படியே ரியாக்ட்டுக்கு மாத்திடலாம்ல?"