க்யூ.சி. பாஸ் போர்வை: வீட்டிலேயே தைப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற வீட்டில் யாருக்காவது ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குயில்ட், தைக்கும் ஆசை வந்தால், முதல் வேலையாக அந்த ஆசை எதனால் வந்தது என்பதை மறந்துவிட வேண்டும். அம்மாவின் கிழிந்த சுங்குடி, மகளுக்குச் சின்னதாகிப்போன கவுன், டெய்லர் திருப்பிக் கொடுத்த ஜாக்கெட் பிட் எல்லாம் பீரோவில் கிடந்தன, தூக்கிப்போட மனசு வரவில்லை என்பதெல்லாம் நினைவிலிருந்தால் காரியம் கெட்டது. இனி இது பொழுதுபோக்கு இல்லை, க்யூ.சி. என்கிற தரச்சோதனையைத் தாண்ட வேண்டிய உற்பத்தி. நீங்கள்தான் ஆபரேட்டர், நீங்கள்தான் இன்ஸ்பெக்டர், ராத்திரி பதினோரு மணிக்கு ரிஜெக்ட் ஆன சரக்கைப் பார்த்துக் கத்துகிற மேனேஜரும் நீங்களே.

துணி வாங்குவோம். வீட்டில் இருப்பது ஆகாது. லோக்கல் வண்டி பிடித்து சென்ட்ரலில் இறங்கி, கோடவுன் தெரு மொத்தக் கடையில் புதுக் காட்டன் துணியாக மீட்டர் கணக்கில் வாங்கி வந்து, அதைச் சின்னச் சின்னதாக வெட்டி, பிறகு ஒன்றாகச் சேர்த்துத் தைக்கவும். “முழுசா இருந்ததை எதுக்கு வெட்டுனே?” என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்ல முயலாதீர்கள், கிடையாது.

பழைய துணிதான் அழகு என்று வாதாட வருகிறவர்கள் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தை இழுப்பார்கள். அங்கே கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த பேண்ட் சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். குளிருக்குத்தான். பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக நிற்கும், மற்றதெல்லாம் வெளுத்திருக்கும். கோடுகள் அவரவர் இஷ்டத்துக்கு வளையும். அந்தப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் சுவரேறின. இருக்கட்டும். அவர்களிடம் நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் காலிப்பர் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

அதை எடுங்கள். தையலுக்கு விடும் ஓரம் கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. ஒரு வரிசைக்கு 20 கட்டம் என்று வையுங்கள். கட்டத்துக்கு 1 மி.மீ. பிசகினால் வரிசை முடிகிற இடத்தில் 2 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். தெருமுனை டெய்லரிடம் காட்டினால், நீளமான பக்கத்தை அடியில் வைத்து, நாலு இடத்தில் குண்டூசி குத்தி, விரலால் லேசாக இழுத்துப் பிடித்தபடி ஓட்டிவிடுவார். காட்டன் இசைந்து கொடுக்கிற துணி. அயர்ன் போட்டபின் அவருக்கே எந்த இடம் என்று தெரியாது. இது தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை, நமக்கு ஒத்துவராது. பாதி பிளேடை எடுத்து முழு வரிசையையும் பிரித்துவிடுங்கள். மறுபடி தையுங்கள். மறுபடி பிரியுங்கள். மூன்றாம் முறை பிரிக்கும்போது ஓரம் பிசிறடிக்கும், பிசிறை வெட்டினால் கட்டம் சிறுக்கும், அந்த ஒன்றுக்கு ஈடாக மற்றக் கட்டங்களையும் சிறுக்க வேண்டும். டபுள் காட் போர்வை இப்படித்தான் தலையணை உறையாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிப்காட்டின் எந்த லேத்துக்கு வரும் டிராயிங்கிலும் அளவுக்குப் பக்கத்தில் பிளஸ் ஆர் மைனஸ் போட்டு ஒரு குட்டி எண் இருக்கும். டாலரன்ஸ். எந்த இரும்பும் சொன்ன அளவில் அச்சாக வந்து நிற்காது என்பது இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தெரியும். அதனால் எவ்வளவு பிசகலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் போர்வைக்கு அப்படி ஓர் எண்ணை எழுதித் தொலைக்காதீர்கள். எழுதினால் பாஸ் ஆகிவிடும்.

ரயிலில் தைக்கக் கூடாது. பொன்னேரியில் லேடீஸ் பெட்டியில் ஏறுகிற ஒரு அம்மா இருக்கிறார். பேத்திக்காக இரண்டு பழம்புடவையை நாலாக மடித்து, ஓடுதையல் போட்டபடியே சென்ட்ரல் வரை வருவார். ஊசி கோர்ப்பது மட்டும் பேசின் பிரிட்ஜில், சிக்னலுக்காக வண்டி நிற்கும்போது. நூல் பச்சையில் தீர்ந்தால் சிவப்பில் தொடரும்.

“தையல் கோணலா போகுதேம்மா.”

“வண்டியே கோணலாத்தானே கண்ணு போகுது.”

பக்கத்து சீட்டில் கீரை ஆய்கிற பெண் உள்பட எல்லோரும் சிரிக்கிறார்கள். சுத்தமான ஒழுங்கீனம். இறங்குவதற்குள் ஒரு முழம் முடித்துவிடுகிறார் என்பதையும் கவனித்தேன், அதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

பொன்னேரிக்குப் பக்கத்துப் பழவேற்காட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் திசைதிருப்பவும். டச்சுக்காரர்கள் அங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டித் துணி வாங்கினார்கள். சோழமண்டலக் கரையில் கையால் எழுதிய பூத்துணிகள் ஐரோப்பா போனதும், விலை அதிகம் என்பதால் அங்குள்ள பெண்கள் ஒவ்வொரு பூவையும் பறவையையும் கத்தரித்து, வேறொரு வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்துப் படுக்கைவிரிப்பு ஆக்கினார்கள். கைவேலை என்பதால் ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருந்திருக்காது. அதற்காக அந்தப் பெண்கள் லாட்டைத் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை.

குயில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. கத்திரி வெயிலில், கரண்ட் போன மத்தியானத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் பஞ்சு வைத்த போர்வை யாருக்கு என்று கேட்கத் தோன்றும். வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, வையுங்கள். போர்த்துவதற்கா தைக்கிறோம்?

சாயம் போகிறதா என்று ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக நனைத்துப் பார்க்கவும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் விற்ற மெட்ராஸ் செக் துணி, துவைத்ததும் சாயம் விட்டது. புகார் வந்தது. வியாபாரிகள் ‘நிச்சயம் சாயம் போகும்’ என்பதையே விளம்பரமாக்கி, அதே துணியை இன்னும் அதிகம் விற்றார்கள். இந்த மாதிரி சமாளிப்பு உங்கள் வீட்டு வாளிக்குள் நுழையக் கூடாது.

கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் அந்தக் காலத்தில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே தப்பாகத் தைத்தார்கள் என்றொரு கதை உலவுகிறது. ஆதாரம் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நம் கைக்கு அப்படித் திட்டம் போட்டுத் தப்பு செய்ய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஆனாலும் வைத்தே தீருவேன் என்றால் நாலாம் வரிசை, ஏழாம் கட்டம் என்று வரைபடத்தில் குறித்து, அந்தத் தப்பைத் துளியும் பிசகாமல் செய்யுங்கள்.

2019-இல் சென்னையில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. இப்படிப்பட்ட கண்காட்சிக்குப் போனால் முன்பக்கத்தைப் பார்த்து மயங்கி நிற்காதீர்கள். காவலர் திரும்பும் நேரம் பார்த்து, பின்பக்க முடிச்சை எண்ணுங்கள்.

கடைசியாக, காலக்கெடு. எதிர்வீட்டுக் குழந்தையின் பெயர் சூட்டு விழாவுக்கு என்று ஆரம்பித்த போர்வையாக இருக்கும். குழந்தை இப்போது யூனிஃபார்ம் போட்டு வேனில் ஏறுகிறதென்றால் பதற வேண்டாம். சைஸை மாற்றி எல்லாக் கட்டத்தையும் புதிதாக வெட்டவும். பையன் பத்தாவது முடிப்பதற்குள் மேல்துணி தயார். ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் அப்ரண்டிஸ் சேர்வதற்குள் பார்டரும் வந்துவிடும். அப்போது போர்வையை அவனிடமே கொடுத்து ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், வெர்னியர் பிடிக்கப் பழகியிருப்பான்.