ஆளில்லாத் தீவின் நள்ளிரவு

கணினித் துறைப் பயிலரங்குகள் பலவற்றுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நேரம், பசிபிக்கில் ஒரு மனிதர்கூடக் குடியிருக்காத பேக்கர் தீவில் நள்ளிரவு பிறக்கும் வரை. பூமியில் கெடு தேதி கடைசியாக முடிவது அங்கேதான். தீவில் விழித்திருக்க ஆளில்லை. அதன் நேரத்தை நம்பிச் சென்னையில் மறுநாள் மாலை வரை தட்டச்சு செய்பவர்கள் உண்டு. பிறகு கெடு ஒரு வாரம் நீளும். முதல் கெடுவுக்குள் முடித்தவர்தான் ஏமாளி.

கட்டுரை தேறினால் திறந்த அணுகல்: படிப்பவருக்கு இலவசம், பல இடங்களில் எழுதியவருக்குத்தான் பில். ஜெர்மனியின் ஆஹன் நகரிலிருந்து 1995 முதல் வரும் சியூர் பயிலரங்குத் தொகுப்புகளோ, கட்டுரைகளை வெளியிட இரு தரப்பிடமும் காசு வாங்குவதில்லை. இது என்ன வியாபாரம் என்று வணிகப் பதிப்பாளர்களுக்கு இன்னமும் பிடிபடவில்லை போலும்.